கில்வாராவின் நனையாத மனு

கில்வாராவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரே பஸ்ஸை நிறுத்தி ஏழு வாரம் ஆகியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் சந்தைத் திடலில், மாலகி என்ற ஆட்டுப்பண்ணைக்காரர் அந்த பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லும் மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடுவதற்குள் அவர்மேல் மழை பெய்வது நின்றுவிட்டது. திடலில் மழை நிற்கவில்லை. உருளைக்கிழங்கு மூட்டைகள்மேலும், மீன் வண்டியின் தார்ப்பாய்மேலும், மாலகியின் நாய்மேலும் அது, அயர்லாந்தின் மேற்குக் கரையில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பெய்கிற மாதிரியே, ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கும் குமாஸ்தாவின் நிதானத்தோடு பெய்துகொண்டிருந்தது. மாலகியின் தொப்பிக்கு ஒரு சாண் மேலே வந்ததும் மட்டும் துளிகள் பிரிந்து, இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக இறங்கின.

"வெளிவாங்குதுபோல," என்றார் மாலகி, வானத்தைப் பார்த்து.

"இல்லையே," என்றாள் மனுவைப் பிடித்துக்கொண்டிருந்த அமலோற்பவம். அவள் முழங்கை வழியே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

மாலகி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு "சரி, கிழங்கு வாங்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்ததாகக் கையெழுத்துப் போட்ட மீன்காரப் பெண்ணுக்கும் அப்படியே ஆயிற்று. அவளுக்கு அடுத்து வந்த தபால்காரருக்கும், அவர் மனைவிக்கும், மனைவியின் அக்காளுக்கும் அப்படியே ஆயிற்று. மத்தியானம் திடல் காலியாகும்போது முப்பத்தெட்டுப் பேர் கொட்டும் மழையில் காய்ந்த தலையோடு வீட்டுக்கு நடந்து போனார்கள். ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மழையை அந்த ஊரில் எப்போதும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அமலோற்பவத்துக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கென்று வந்தவள், வாடகை குறைச்சல் என்று கில்வாராவில் வீடு பிடித்தாள். இல்லம் இருந்தது இருபத்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் நகரத்தில். அவள் கணவன் தொபியாஸ் கடலுக்குள் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளில் வேலை பார்த்தான், விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விடுவான். அவளோ ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவள், மூன்று முறையும் அதே ரவுண்டானாவில். ஆகவே காலை எட்டு இருபது பஸ்தான் அவளுக்குக் கால். அந்த பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில், செவ்வாய் வியாழன் சனி மூன்று நாளும், டயாலிஸிஸுக்குப் போகிற மாலகி உட்கார்ந்திருப்பார். எழுபத்திரண்டு வயதுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அவள் பேரைச் சொல்ல அவருக்கு அதைவிட அதிகம் பிடித்தது, கடைசியில் ஊர் சொல்வதுபோல் "அமல்" என்று நிறுத்திக்கொண்டார்.

பயணிகள் குறைவு என்று ஒரு தாள் ஒட்டி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அமலோற்பவம் ரொட்டி வேனில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். மாலகி இன்றைக்கு இவர் கார், நாளைக்கு அவர் கார் என்று அண்டை வீட்டார் தயவில் போனார். இரண்டு தடவை யாரும் கிடைக்காமல் போகவே இல்லை, கால் வீங்கிப் படுத்திருந்தார். அந்த இரண்டாவது தடவைக்குப் பிறகுதான் இருவரும் உட்கார்ந்து மனு எழுதினார்கள். மாலகி பென்சிலால் எழுதினார், அவள் இல்லத்துக் கம்ப்யூட்டரில் தட்டி எடுத்தாள். மாவட்ட நிர்வாகத்தைப் பார்க்கும் கவுண்டி கவுன்சிலிடம் ஒன்று கேட்டார்கள்: எட்டு இருபது பஸ் திரும்ப வேண்டும். டப்ளினில் இருக்கும் நாடாளுமன்றத்திடம் ஒன்று கேட்டார்கள்: இனி இந்த நாட்டில் எந்த ஊரிலும், ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸை நிறுத்துவதற்கு முன்னால், அதில் ஏறுகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று ஒரு சட்டம் வேண்டும். மேலே மாலகி தன் கையால் ஒரு தலைப்பு எழுதினார்: இந்தக் கவுண்டியின் குடிமக்களாகிய நாங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஊரே வரிசையில் நின்றது. இரண்டாவது வாரத்தில் மழை படாமல் வாழ்வது எப்படி என்று கில்வாரா பழகிக்கொண்டது. துணி காயப்போடுகிறவர்கள் கொடியின் நடுவே போய் நின்றுகொண்டால் இரண்டு பக்கமும் ஒரு சாண் அளவுக்கு மழை படாது என்று கண்டுபிடித்தார்கள், ஆகவே ஒரு குடும்பத்தில் நாலு பேர் கொடியோரம் வரிசையாக நின்று ஆளுக்கொரு பத்திரிகை படித்தார்கள். குழாய்த் தண்ணீர் எப்போதும்போல் நனைத்தது. பாதிரியார் தெளித்த தீர்த்தத்தை மட்டும் மனு மழைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டபடியால் துளிகள் தலைக்கு மேலே விலகிப் போய்க் கம்பளத்தில் விழுந்தன, அவரும் மூன்றாவது ஞாயிறிலிருந்து தொட்டியை நீட்டி அவரவரே விரலை நனைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடும் ஐரிஷ் கால்பந்தில், ஊர்க் குழு முழுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு விளையாடப் போனது. எதிர்க்குழு வழுக்கி வழுக்கி விழுந்து தோற்று, பந்தயம் முடிந்த கையோடு பதினைந்து பேரும் வரிசையாக வந்து மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மாலகியின் நாய் ஆடுகளை மேய்ப்பதை விட்டுவிட்டு அவர் முழங்காலோடு ஒட்டிக்கொண்டே நடந்தது.

சங்கடங்களும் இருந்தன. அந்த ஊரில் எந்தப் பேச்சும் மழையில்தான் தொடங்கும். மோசமான நாள் என்று ஒருவர் சொல்ல, நேற்றைக்கு இது பரவாயில்லை என்று மற்றவர் சொல்ல, அதற்குப் பிறகுதான் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீடு விற்கிறார்கள் என்பதெல்லாம் வரும். இப்போது இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். கணவன் போட்டு மனைவி போடாத வீடுகளில் ஒரே குடைக்குள் நடக்கிற பழக்கம் போய்விட்டது. 

அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சைக்கிள்காரர்கள் வந்தார்கள், வாத்தியக் குழு ஒன்று வந்தது, வெளியே வைத்துக் கல்யாணப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு மணப்பெண் வெள்ளை உடையோடு வந்தாள். எல்லாரும் அமலோற்பவத்தின் மகள் பரீட்சைக்கு வைத்திருந்த அட்டையின்மேல் குனிந்து, எங்கே போடணும் என்று மட்டும் கேட்டுப் போட்டார்கள். எண்ணூற்றுச் சொச்சம் பேர் இருக்கும் ஊரின் மனுவில் ஆறாவது வாரத்தில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து இருந்தது.

அதற்குள் ஊரில் இரண்டே பேர்தான் நனைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி ஒனோரா. கடைத்தெருவில் மழைக்கோட்டும் குடையும் ரப்பர் பூட்ஸும் விற்கிறவள், அறுபது வயது, யாரிடமும் சிரித்தாள் என்று சாட்சி கிடையாது. கையெழுத்துப் போடச் சொல்லி மாலகி போய்க் கேட்டபோது, "எனக்கு பஸ் வேணும். ஆனா வானம் கொடுக்கிற லஞ்சம் வேணாம்," என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மற்றவள் அமலோற்பவம். நாள் முழுக்க வெளியிலேயே நின்று கையெழுத்து வாங்குகிறவள் நனையாமல் என்ன செய்வாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அவள் போடவே இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. மாலகி எழுதிய அந்தத் தலைப்பை அவள்தான் கம்ப்யூட்டரில் தட்டியவள்; குடிமக்களாகிய நாங்கள் என்று தட்டும்போதே, தன் குடியுரிமை விண்ணப்பம் எங்கோ ஒரு மேஜையில் இருக்கிறது என்பதும், இது தனக்கான வரி இல்லை என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. வீடு கட்டுகிறவன் எல்லாம் அந்த வீட்டில் குடியிருப்பதில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ஈரக் கோட்டை முறுக்கிப் பிழிந்து, மறுநாளும் போய் நின்றாள்.

ஏழாவது வாரம் கவுண்டி அலுவலகத்திலிருந்து டெக்லன் என்ற அதிகாரி வந்தார். மனுக்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. தலையெல்லாம் நனைந்து, கண்ணாடியில் தண்ணீர் வழிய, சந்தைத் திடலில் அவளைத் தேடி வந்து, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளும் ஈரமாகவில்லை. கூடியிருந்தவர்களில் யாரோ அவரிடம் பேனாவை நீட்டினார்கள். அவர் அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டு, "நான் போடக் கூடாது," என்றார்.

பிறகு அவளைத் தனியாக மீன் வண்டியின் தார்ப்பாய்க்குக் கீழே கூப்பிட்டார்.

"இதுல எத்தனை பேர் பஸ்ஸுக்காகப் போட்டாங்க?"

"தெரியாது," என்றாள்.

"அதுதான் எனக்கும் சிக்கல். ஏதாவது ஒண்ணு கொடுத்து வாங்கின கையெழுத்து செல்லாதுன்னு விதி இருக்கு. பணம், சாப்பாடு, அது மாதிரி. மழையைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல. ஆனா கவுன்சில்ல ஒருத்தர் எழுந்து கேட்டா என்கிட்ட பதில் இல்ல. எதுவும் கொடுக்காம வாங்கின ஐந்நூறு கையெழுத்து வேணும். அடுத்த மாசக் கூட்டத்துக்கு முன்னால. இருபத்தாறு நாள் இருக்கு." அவர் கண்ணாடியைத் துடைக்க ஈரமில்லாத துணி தேடி, கிடைக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டார். "உங்க கையெழுத்து எந்தப் பக்கத்துல இருக்கு? மனு கொடுக்கிறவங்க பேர் முதல்ல வரணும்."

"நான் போடல. நான் குடிமகள் இல்ல."

டெக்லன் தலைப்பைப் படித்தார். மறுபடியும் படித்தார். "இது யார் எழுதினது? இங்கே குடியிருந்தா போதுமே. மனு கொடுக்கலாம். பேரைப் பதிஞ்சிருந்தா கவுன்சில் தேர்தல்ல ஓட்டே போடலாம். நீங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"ஆறு."

"அப்ப ஒரு தேர்தலை விட்டுட்டீங்க," என்றார் அவர், பஸ்ஸைத் தவறவிட்டவளிடம் சொல்வதுபோல.

அன்று சாயங்காலம் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அவள் தொபியாஸிடம் விஷயத்தைச் சொன்னாள். பழைய தாளில் பேரை அடித்தால் மழை திரும்பி வந்துவிடும். அது ஏற்கெனவே தெரிந்த கதை, பஸ் வந்தால் கூட்டம் வரும் என்று சண்டை பிடித்து ஒருவர் பேரை அடித்துவிட்டு, திடலைத் தாண்டுவதற்குள் தொப்பலாக நனைந்து, திரும்பி வந்து மறுபடியும் போட்டிருந்தார். அதையே எல்லாரும் செய்ய வேண்டும். பழையதில் அடித்துவிட்டு, ஒன்றும் கொடுக்காத புதுத் தாளில் போட வேண்டும்.

தொபியாஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நான் சொன்னா கோவப்படுவ."

"சொல்லுங்களேன்."

"ஆறு வருஷத்துல இப்பந்தான் என் முதுகு காஞ்சிருக்கு, அமலி. கூண்டு மேல நிக்கையில கீழ கடல் நனைக்கும், மேல மழை நனைக்கும். இப்ப கீழ மட்டுந்தான். நேத்து மத்தியானம் உட்கார்ந்து சோறு திங்கும்போது சோத்துல தண்ணி இல்ல. நமக்குத்தான் கார் இருக்கே."

"உங்களுக்குக் கார் இருக்கு," என்றாள் அவள். குழம்பு அடிபிடித்துவிட்டது.

மறுநாள் மாலை ஊர் மண்டபத்தில் கூட்டம். நூற்றைம்பது பேர் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள், பின்வரிசையில் ஒனோரா மட்டும் நாற்காலிக்குக் கீழே சின்னக் குளம் கட்டிக்கொண்டிருந்தாள். அமலோற்பவம் டெக்லன் சொன்னதைச் சொன்னாள், மேஜைமேல் இரண்டு கட்டுத் தாள்களை வைத்தாள், புதியதில் தலைப்பை மாற்றியிருந்தாள்: இங்கே குடியிருக்கும் நாங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். கூரைமேல் மழை தட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டாயிரம் பேர் இருக்கோம்ல, அது போதாதா அவங்களுக்கு?" என்றார் தபால்காரர்.

"ரெண்டாயிரம் பேர்ல பாதிப் பேர் இந்த ஊர் பஸ் என்ன நிறம்னு பார்த்ததில்ல," என்றாள் ஒனோரா.

மாலகி எழுந்தார். அவரைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது, அவர் முதலில் போய் அடித்துவிடுவார், பார்த்துக்கொண்டு மற்றதை முடிவு செய்யலாம் என்று. அவர் அப்படிச் செய்யவில்லை. "நான் ஒண்ணு சொல்லிடறேன்," என்றார். "ரத்தம் சுத்தம் பண்ணி முடிச்சு வெளியே வரும்போது ஒரு குளிர் இருக்கு. எலும்புக்குள்ள. அதுமேல மழையும் விழுந்தா எப்படி இருக்கும்னு நாலு வருஷமா எனக்குத் தெரியும். ஏழு வாரமா அது இல்ல. இதை விடறதுக்கு எனக்கு மனசு இல்ல. பஸ்ஸும் வேணும், இதுவும் வேணும். வெட்கமா இருக்கு, ஆனா அதுதான் உண்மை." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அமலோற்பவம் புதுத் தாளை எடுத்து முதல் வரியில் கையெழுத்துப் போட்டாள். சுருக்கிப் போடவில்லை, ஊர் ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்துக் கைவிட்ட முழுப் பெயரையும், இங்கிலீஷ் எழுத்தில், கோட்டுக்கு வெளியே போகிற அளவுக்கு நீளமாக எழுதினாள். அடித்துவிடப் பழைய தாளில் அவள் பேரே இல்லை என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஏழு வாரமாக நம் எல்லாருக்கும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் போடாமலே நின்றிருக்கிறாள் என்று ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒனோரா வந்து இரண்டாவதாகப் போட்டாள். கூட்டம் அத்தோடு கலைந்தது, வாசலில் அவர்கள் இருவர்மேலும் மழை எப்போதும்போல் விழுந்தது. பன்னிரண்டு நாளில் புதுத் தாளில் மொத்தம் ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் வியாழக்கிழமை. மாலகியைக் கூட்டிப்போக வேண்டியவரின் கார் கிளம்பவில்லை, அடுத்தவர் டப்ளின் போயிருந்தார், அதற்கடுத்தவர் போனை எடுக்கவில்லை. மாலகி கோட்டை மாட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு, நேராக ஒனோரா கடைக்குப் போனார். தாள்கள் அங்கேதான் இருந்தன. பழைய தாளின் முதல் வரியைத் தேடித் தன் பேரின்மேல் ஒரு கோடு இழுத்தார், புதியதில் பத்தாவதாகப் போட்டார், வெளியே வந்து மழையில் நடந்து, பஸ் வராத பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார்.

அன்று விடுமுறையாக இருந்த அமலோற்பவம் பால் வாங்கப் போனவள் அவரைப் பார்த்தாள். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலணியின் கயிற்றைத் தளர்த்தி விட்டிருந்தார், கணுக்கால் அதற்குள்ளேயே வீங்கியிருந்தது.

"இங்க என்ன செய்றீங்க?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"பஸ் இல்லையே, மாலகி."

"தெரியும். ஆனா எனக்குப் போகணுமே."

அதைச் சண்டைக்காகவோ ஊரைக் குத்திக்காட்டவோ அவர் சொல்லவில்லை. வேறு எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொபியாஸுக்குப் போன் செய்தாள். அவன் கடலில் இருந்தான். கரைக்கு வந்து, மேற்பார்வையாளரிடம் சொல்லி, காரை எடுத்து வர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அந்த ஐம்பது நிமிஷமும் கில்வாரா அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது; காய்ந்த தலையோடு கடைக்குப் போகிறவர்கள், காய்ந்த பையோடு திரும்புகிறவர்கள், எல்லாரும் நின்று, தலையாட்டி, என்ன பேசுவது என்று தெரியாமல் போனார்கள். தபால்காரர் மட்டும் ஒனோரா கடைப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார். அவர் தோள் நனைந்திருந்தது. 

"மோசமான நாள்," என்றார்.

"நேத்தைக்கு இது பரவாயில்ல," என்றார் மாலகி. தபால்காரர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு தன் மனைவியின் அக்காளுக்குப் பித்தப்பையில் கல் இருப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

கார் வந்தது. தொபியாஸ் இறங்கி, மாலகியின் கையைத் தன் தோளில் போட்டு உள்ளே ஏற்றினான், அமலோற்பவமும் ஏறிக்கொண்டாள். அவர் நனைந்த கோட்டோடு அவன்மேல் சாய்ந்ததில் அவனுடைய காய்ந்த முதுகு முழுக்க ஈரமாயிற்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து கணுக்காலைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் ஆம்புலன்ஸில்தான் வந்திருப்பார் என்றாள். நாலு மணி நேரம் அவன் வராந்தாவில் உட்கார்ந்திருந்து, அவரைத் திரும்பக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டு, ஒனோரா கடை வாசலில் காரை நிறுத்தினான்.

"அந்தத் தாளு ரெண்டையும் எடு," என்றான் அமலோற்பவத்திடம். பழையதில் தன் பேரை அடித்தான். புதியதில் போட்டான். வாசலுக்கு வந்து நின்று முகத்தை மேலே தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான். "குளிருது," என்றான். பிறகு, "நாளைக்கு ரவுண்டானா பழகலாம், வா," என்றான்.

மறுநாள் காலை ஒனோரா கடை திறக்கும்போது வாசலில் முப்பது பேர் நின்றார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையே அவள் கடைக்கு இடம் மாறிவிட்டது. பேரை அடித்துவிட்டு வெளியே காலை வைக்கிறவர்கள் முதல் துளி விழும்போது ஒரு மாதிரி தோளைக் குறுக்கினார்கள், குளிர்ந்த குளத்தில் இறங்குகிறவர்கள்போல. பத்தடி போனதும் ஒருவரையொருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள், எட்டொன்பது வாரமாகப் பேசாமல் சேர்ந்திருந்த சேதிகள் அவ்வளவும் கடைத்தெருவில் வெளியே வந்ததில் தெருவே சத்தமாக இருந்தது. கால்பந்துக் குழு வந்தது. பாதிரியார் வந்தார், அடுத்த ஞாயிறு மறுபடியும் தெளித்தார், எல்லார் முகத்திலும் விழுந்தது. பேரை அடிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மணப்பெண்ணிடம் போய் யார் கேட்பது. ஒனோரா கடையில் குடை தீர்ந்துபோய், அவள் தன் சொந்தக் குடையையும் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். அன்று அவள் சிரித்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் டெக்லன் எண்ணினார். அறுநூற்றுப் பதினொன்று. தாள்கள் ஈரத்தில் உப்பி, மையெல்லாம் ஊதாவாகக் கரைந்து, சில பேர்கள் படிக்கவே முடியவில்லை. அதைக் கழித்து ஐந்நூற்று எழுபது செல்லும் என்றார். கவுன்சிலில் மூன்று மணி நேரம் பேசினார்கள், இரண்டு தடவை தேநீர் குடித்தார்கள், கடைசியில் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் செவ்வாய் வியாழன் சனி மூன்று நாளும் பஸ் விடுவது என்று முடிவாயிற்று. 

இரண்டாவது கோரிக்கை டப்ளினுக்குப் போனது. நாலு மாதம் கழித்து நாடாளுமன்றத்தின் மனுக் குழு அவர்களைக் கூப்பிட்டது. அமலோற்பவம், மாலகி, ஒனோரா மூவரும் ரயிலில் போனார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவராக இருந்த அம்மாள் மனுதாரரின் பேரைப் படிக்கத் தொடங்கி, பாதியில் நின்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க," என்றார்.

வழக்கமாக அமல் போதும் என்று சொல்லியிருப்பாள். "அ-ம-லோற்-ப-வம்," என்றாள். தலைவர் சொல்லிப் பார்த்தார், தவறு. மறுபடியும் சொன்னார், தவறு. மூன்றாம் தடவை சரியாக வந்தது, மேஜையில் இருந்த மற்றவர்களும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவளுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். கொண்டுவந்த தாளை அவள் படிக்கவில்லை. எட்டு இருபது பஸ்ஸில் யார் யார் எந்த இருக்கையில் உட்கார்வார்கள், யாருக்கு எதற்காகப் போக வேண்டும், முன் வாசல் படி உயரமாக இருப்பதால் டிரைவர் யாருக்கெல்லாம் இறங்கி வந்து கை கொடுப்பார் என்று வரிசையாகச் சொன்னாள். "அதுல ஏறுறவங்களைக் கேட்டிருந்தா இதெல்லாம் சொல்லியிருப்போம்," என்று முடித்தாள். மழையைப் பற்றிக் குழு எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சட்டம் இன்னும் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது, மூன்று மாதம் கழித்து, தொடர்ந்து பரிசீலனையில் இருக்கிறது என்று இன்னொன்று வந்தது. தொடர்ந்து என்ற சொல் புதிது என்று மாலகி அதை முன்னேற்றமாக எடுத்துக்கொண்டார்.

பஸ் வந்த முதல் செவ்வாய்க்கிழமை அமலோற்பவம் எட்டேகாலுக்கே நிறுத்தத்துக்குப் போனாள். அவளுக்கு முன்னால் ஊரே போயிருந்தது. பித்தப்பைக் கல்லோடு தபால்காரர் மனைவியின் அக்காள், மருந்துச் சீட்டு வாங்க நாலு பேர், நூலகத்துக்கு இரண்டு பேர், ஒரு காரியமும் இல்லாமல் போய்த் திரும்பலாம் என்று கிளம்பிய பன்னிரண்டு பேர். மாலகியை எல்லாருக்கும் முன்னால் ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். கடைசியாக அவள் காலைத் தூக்கிப் படியில் வைக்கும்போது டிரைவர் தலையாட்டினார். "மன்னிச்சுக்கோ அமல். இருபத்து நாலு சீட்டுதான். நின்னுக்கிட்டு வர்றதுக்கு எனக்கு அனுமதி இல்ல."

உள்ளேயிருந்து ஏழெட்டுப் பேர் எழுந்திருக்கப் போனார்கள். அவள் வேண்டாம் என்று கையசைத்து இறங்கிவிட்டாள். பயணிகள் குறைவு என்று நிறுத்திய பஸ், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, முழுக்க ஆட்களோடு, மலைச் சரிவில் முக்கிக்கொண்டு ஏறிப் போவதை மழையில் நின்று பார்த்தாள். ரொட்டி வேனும் போயிருக்கும். இல்லத்துக்குப் போன் செய்து, பஸ் நிறைந்துவிட்டது, வர நேரமாகும் என்று சொன்னாள். சொல்லும்போது குரலில் இருந்த சந்தோஷத்தை மேட்ரன் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

திரும்பிப் பார்த்தால் ஒனோரா நின்றிருந்தாள். அவளுக்கும் இடம் கிடைக்கவில்லை. ஒரு கையில் குடை, மறு கையில் நாலாக மடித்த வெள்ளைத் தாள்.

"பெரிய பஸ்," என்றாள் ஒனோரா. "மனு எழுதிட்டேன். உன் பேரை நீயே எழுது, எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியல."